தலைவர் வைத்த நேர்த்தி

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் மூக்கனைக் கண்டால் காளியாயிக்கு வேப்பெண்ணெய் குடித்த மாதிரி இருக்கும். அதை அவள் ஒருநாளும் ஒளித்து வைத்ததில்லை. லிந்துலைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். அத்தனை வருடத்திலும் மூக்கன் அடிக்கல் நாட்டாத இடமில்லை. ஒரு கல்லுக்கு மேல் இன்னொரு கல் ஏறிய இடமும் இல்லை. புருஷன் மாரடைப்பில் போய் ஒன்பது வருடம் ஆகிறது. காளியாயிக்கு மிஞ்சியது மகள் சுலக்ஷனாவும் தன் வாயும்தான்.

இராணுவத்தில் அதிகாரியாகப் பயிற்சி பெற சுலக்ஷனா விண்ணப்பம் போட்ட செய்தி பரவியதும், காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற அத்தனை பேர் முன்னாலும் மூக்கன் சிரித்தான். "பொட்டப் புள்ள துப்பாக்கி தூக்கப் போகுதாம். மொதல்ல கொழுந்துக் கூடையத் தூக்கச் சொல்லு காளியாயி!"

காளியாயி அதை மறக்கவில்லை. ஆனால் யோசனை நல்லதாகத்தான் பட்டது. அன்று சாயங்காலமே மகள் முதுகில் கொழுந்துச் சாக்கை ஏற்றிக் கோயில் மேடுவரை ஏறச் சொன்னாள்.

நேர்முகத் தேர்வு, உடற்பரிசோதனை எல்லாம் தாண்டி, ஒரு நாள் கடிதம் வந்தது. பங்குனி கடைசித் திங்கட்கிழமை பயிற்சிக் கல்லூரியில் வந்து சேர வேண்டும். சிங்களத்தில் இருந்ததைச் சுலக்ஷனா வாசித்துச் சொன்னாள். கறுப்புத் தகரப் பெட்டி ஒன்று, வெள்ளை டீசேர்ட் ஆறு, கறுப்புச் சப்பாத்து, ஊசி நூல், பூட்டு. கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தாள்: சேரும் அன்றே மறுபடி மருத்துவப் பரிசோதனை; உடம்பில் ஆறாத புண்ணோ காயமோ இருந்தால் அன்றைக்கே வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதன்பிறகு தோட்டத்துக்கு நல்ல வேடிக்கை கிடைத்தது. சுலக்ஷனா ஓடினாள். பங்களா ரோட்டில் ஓடினாள், மழையில் ஓடினாள், அட்டை கடித்த காலோடு ஓடினாள். நாய்கள் துரத்தின, பிறகு சலித்துப்போய்ப் படுத்துக்கொண்டன. "யாரு துரத்துறாங்க, இந்த ஓட்டம் ஓடுது?" என்று கொழுந்து மலையிலிருந்து பெண்கள் கேலி பண்ணினார்கள். புதுச் சப்பாத்து குதிகாலை உரித்துவிடக்கூடாது என்று, காளியாயி அதற்குள் ஈரக் காகிதம் அடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, இரண்டு வாரம் பிசைந்து மெதுவாக்கினாள். மகளின் பாதங்களைத் தினமும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். தன் பாதத்தை அவள் வாழ்நாளில் அப்படிப் பார்த்ததில்லை.

இந்த நேரத்தில்தான் மூக்கனுக்குப் பாசம் பொங்கியது. லயத்து வீட்டு வரிசை முக்கில் ஒரு பேனர் ஏறியது. மூக்கன் கைகூப்பி நிற்க, மூலையில் தபால் முத்திரை அளவில் சுலக்ஷனா. கீழே, "எங்கள் வழிகாட்டலில் உருவான வீரமங்கை." காளியாயி அதைப் பார்த்துக் காறித் துப்பினாள். "ஓடுனது இவ, மூச்சு வாங்குறது அவனா?"

பேனரோடு நின்றிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். கொழும்பிலிருந்து பெரிய ஆள் ஒருத்தர் அம்மன் திருவிழாவுக்கு வரப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் மூக்கனுக்குப் புத்தி வேறு பக்கம் போனது. கோயிலில் மைக்கைப் பிடித்து அறிவித்துவிட்டான்: "நம்ம புள்ள தேர்வானா தீ மிதிக்கும்னு நான் அன்னைக்கே ஆத்தாகிட்ட நேர்ந்துக்கிட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை நம்ம ஆபிசரம்மா தீ மிதிக்கும்!"

வெள்ளிக்கிழமை தீமிதிப்பு. திங்கட்கிழமை மருத்துவப் பரிசோதனை. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறவனைக் காளியாயி பார்த்திருக்கிறாள்; அடுத்தவள் பெற்ற பிள்ளையின் காலை எடுத்து உடைக்கிறவனை அன்றுதான் பார்த்தாள்.

லயத்துப் பெண்கள் புத்தி சொல்ல வந்தார்கள். "பக்தி இருந்தா சுடாது காளியாயி. ஆத்தா கோவம் பொல்லாதது."

"போன வருசம் பக்தியோட மிதிச்ச கங்காணி, மூணு வாரம் பெரட்டுக்கு நொண்டிக்கிட்டு வந்தாரே? அவரு பக்தியில தண்ணி கலந்திருந்துச்சோ?"

ஒருத்தி காதோடு ஒரு வழி சொன்னாள். பிள்ளை வீட்டுக்குத் தூரம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. காளியாயிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அந்தாளு சொன்ன பொய்ய மூட எம்மக ஒரு பொய் சொல்லணுமா? போடி அங்கிட்டு!"

சொன்னாளே தவிர, உள்ளுக்குள் பயம் கிடுகிடுவென்றது. ஆத்தா பெயரைச் சொல்லியாகிவிட்டது. மிதிக்காவிட்டால் பிள்ளைக்கு ஏதும் ஆகுமோ? மிதித்தால் பிள்ளை திரும்பி வந்து கூடையைத்தான் மாட்ட வேண்டும். அந்தக் கூடை தன் முதுகோடு ஒழியட்டும் என்றுதானே இவ்வளவும்.

செவ்வாய்க்கிழமை காலை காப்புக்கட்டு. தீ மிதிக்கிறவர்கள் கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளும் நாள். கட்டிவிட்டால் தீ மிதித்து முடியும்வரை அவிழ்க்கக்கூடாது. மூக்கன் மைக்கில் சுலக்ஷனாவின் பெயரைக் கூப்பிட்டான். மகளைக் கையமர்த்திவிட்டுக் காளியாயி முன்னால் போனாள். கூட்டம் விலகி வழி விட்டது.

"பூசாரி அண்ணே, ஒரு சந்தேகம். பெத்தவ புள்ளைக்கு நேரலாம். வேற ஆளு நேரலாமா?"

பூசாரி தாம்பாளத்தைப் பார்த்தார். "வழக்கமில்லம்மா. நேர்ந்த ஆளுதான் செலுத்தணும்."

"நான் நேரல. எம்மக நேரல. தலைவரு நேர்ந்ததா அவரே மைக்குல சொன்னாரு, ஊரே கேட்டுச்சு. அவரு என்னா எம்மகளப் பெத்தாரா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூக்கன் பல்லைக் காட்டினான். "காளியாயி, சாமி காரியத்துல அரசியல் பேசாத."

"சாமி காரியந்தான் பேசுறேன் தலைவரே. வாயி ஒங்களுது, காலு மட்டும் எம்மகளுதா? நீட்டுங்க கைய."

"எனக்குச் சுகர் இருக்கு! புண்ணு வந்தா ஆறாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு!"

"ஆங்! அப்ப தீ சுடும்னு ஒங்களுக்குத் தெரியும்!"

கூட்டம் ஓவென்று ஆர்ப்பரித்தது. பூசாரிக்குத் தலைவரிடம் பயம்தான், ஆனாலும் ஆத்தாவிடம் அதைவிடப் பயம். மஞ்சள் கயிற்றை எடுத்தார். அத்தனை கண்ணும் பார்த்திருக்க, இழுத்துக்கொள்ளவும் முடியாமல், மூக்கன் தன் கொழுத்த கையை நீட்டினான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தீக்குழி தயாராக இருந்தது. பெரிய ஆளும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்கனைத்தான் காணோம். முதல் நாளே சீனி ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்டான், கையில் காப்போடு. காப்புக் கட்டிய மற்ற எட்டுப் பேரும் மிதித்தார்கள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு மழை கொட்டியது. காளியாயி முக்கில் இருந்த பேனரை அறுத்தெடுத்துத் தகரப் பெட்டியைச் சுற்றிக் கட்டினாள். இருபத்தாறு வருடத்தில் மூக்கனால் ஒரு சொட்டு மழை நின்றது அன்றுதான். படியில் கால் வைத்த சுலக்ஷனா திரும்பினாள். "அம்மா, ஆத்தா கோவிச்சுக்குமா?"

"நீ ஏறு. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். போன எடத்துல எவனாவது ஏதாச்சும் சொன்னா, கால ஊனி நில்லு. முழுக் காலோட அனுப்பியிருக்கேன்."

பஸ் வளைவில் மறைந்த பிறகுதான் அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெரட்டுக்குப் போகும் வழியில் கோயில் மேட்டுக்கு ஏறினாள். குழி நனைந்து கிடந்தது. மூன்று நாள் சாம்பல் சேறாகியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, வெடித்த பாதங்களோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாக நடந்தாள். பிறகு நிமிர்ந்து ஆத்தாவைப் பார்த்தாள்.

"நேரல, ஆனாலும் நடந்துட்டேன். எம்புள்ளையப் பாத்துக்க. சூடு இல்லைன்னு கோவிச்சுக்காத. சூடு வேணும்னா, ரெண்டாம் வார்டுல ஒருத்தன் ஒன் காப்போட படுத்திருக்கான், அவன்கிட்ட கேளு."

சாம்பல் காலோடு பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்தாள்.