எறியாதே, குடு

எனக்குப் பந்து பிடிக்காது, பிடிக்கவும் தெரியாது. எதிரே ஏதாவது பறந்து வந்தால் கண் தானாக மூடிக்கொள்ளும், கை முகத்தை மறைக்கும், கால் ஓடப் பார்க்கும். சிம்மக்கல்லில் எங்கள் வீட்டு முடுக்குச் சந்தில் அண்ணன்மார் ஆடிய ரப்பர் பந்து என் மூக்குக்கண்ணாடியை உடைத்த நாளிலிருந்து இப்படித்தான். அப்படிப்பட்ட என்னிடம், எழுபதுகளின் கடைசியில், ஒரு பள்ளிக்கூடமே பந்து விளையாடக் கற்றுக்கொண்டது என்றால் யார் நம்புவார்கள்?

அந்த ஆரம்பப் பள்ளி உசிலம்பட்டியிலிருந்து பேரையூர் போகிற வழியில் இருந்தது. மதுரையிலிருந்து ஒரு பஸ், உசிலம்பட்டியில் இறங்கி இன்னொரு பஸ், அப்புறம் காட்டு வழியே நடை. சேலைக் கரையெல்லாம் நெருஞ்சி முள். வேலையில் சேர்ந்த வாரமே மதுரைப் பக்கம் மாற்றல் கேட்டுவிட்டேன். தலைமையாசிரியர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

"கேளுங்க, கேளுங்க. மதுரையிலேருந்து வர்ற டீச்சருக எல்லாரும் மொத வேலையா அதைத்தான் கேப்பாக. அடுத்த மாசம் இன்ஸ்பெக்டரு வாராரு. அவரு நல்லதா ஒரு வார்த்தை சொன்னா நடக்கும். அவருக்கு வெளையாட்டுன்னா உசுரு. பிள்ளைகளுக்குப் பந்து போட, பிடிக்கச் சொல்லிக்குடுங்க."

சொன்ன கையோடு பீரோவிலிருந்து சிவப்புப் பந்து ஒன்றை எடுத்து என் பக்கம் போட்டார். நான் சாக்பீஸ் பொறுக்குவதுபோல் குனிந்து தப்பித்தேன். ஆக, என் மாற்றல் அந்தப் பந்துக்குள் இருந்தது.

மறுநாள் வேப்பமரத்தடியில் பிள்ளைகளை எதிரெதிரே இரண்டு வரிசையாக நிறுத்தி, "எறிடா" என்றேன். அவ்வளவுதான். ஆட்டை மடக்கவும் புளியங்காய் அடிக்கவும் கல்லெடுத்துப் பழகிய கைகள் அவை. 'எறி' என்றால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரே அர்த்தம்: குறி தப்பாமல் அடி. பந்து எதிரே நின்றவனின் நெற்றிப்பொட்டில் போய் விழுந்தது. அடுத்து "பிடி" என்றேன். எதிர் வரிசை மொத்தமும் நாலாபக்கமும் சிதறி ஓடியது.

"ஏன்டா ஓடுறீங்க? அது என்ன பாம்பா?"

"மேல பட்டா வலிக்கும் டீச்சர்."

இதில் எனக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. ஆனாலும் டீச்சர் ஆயிற்றே, கத்தினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த வாரம் முழுக்கக் கத்தியதில் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

விடை பஸ்ஸில் கிடைத்தது. உசிலம்பட்டியில் கூட்டத்தோடு கூட்டமாகக் கீழே நின்ற ஒரு பெண், கத்தரிக்காய்ப் பையை ஜன்னலுக்கு உயர்த்தி, "அண்ணே, இதைக் கொஞ்சம் வாங்குங்க" என்றாள். உள்ளே இருந்தவர் இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு காய்கூடச் சிந்தவில்லை. பிள்ளைகளிடம் குறை இல்லை, நான் சொன்ன சொல்லில்தான் குறை என்று அப்போது உறைத்தது. நாயைக் கல்லால் எறிவோம், கோழியைப் பிடிப்போம். மனுஷனுக்கு மனுஷன் கொடுப்பதும் வாங்குவதும்தானே?

மறுநாள் அறிவித்தேன். "இனிமே யாரும் எறியக்கூடாது. குடு. அந்தப் பக்கம் நிக்கிறவங்க பிடிக்க வேணாம். வாங்குங்க."

நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ரெட்டைச் சடைக்காரி, சொன்னதைக் காதில் வாங்கி யோசித்தாள். பிறகு பந்தை ஏந்திக்கொண்டு நிதானமாக நடந்துபோய், எதிரே நின்றவள் கையில் பணிவாக வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவள் செய்தாள் என்று அடுத்தவனும் செய்தான். கல்யாண வீட்டில் தாம்பூலம் கொடுப்பதுபோல் பந்து ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"நின்ன எடத்துலருந்தே குடுடி!"

"எட்டாதே டீச்சர்."

"கையை வீசி விட்டுக் குடு. அது தானாப் போகும்."

வாங்குவதற்கும் வழி கிடைத்தது. "கோயில்ல பொங்கச்சோறு எப்படி வாங்குவீங்க?" என்றேன். அத்தனை கைகளும் சேர்ந்து குவிந்தன. "கீழ சிந்துனா?" "சாமி குத்தம்!" என்றார்கள் கோரஸாக. அதன்பின் ஒருத்தரும் ஓடவில்லை. பந்தை நழுவவிட்ட ஒரு பயல், அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வானத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். திட்டலாம் என்று வாயெடுத்தவள் சிரித்துவிட்டேன்.

வினை அப்புறம்தான் வந்தது. "டீச்சர், நீங்களும் வாங்குங்க" என்று நச்சரிக்கத் தொடங்கினார்கள். மறுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நடுவில் போய் நின்றேன். முதல் பந்து கையில் பட்டு ஓடிப்போனது. இரண்டாவதும் அப்படியே. ஆனால் இரண்டு மூன்று நாளில் பந்து வந்து கையில் உட்கார ஆரம்பித்தது. எத்தனை பேர் கொடுத்தாலும் அத்தனையும் என் கையில்! தலைகால் புரியவில்லை எனக்கு. வீட்டில் அண்ணனிடம் பீற்றிக்கொண்டேன். "நீயா?" என்றான். "வந்து பாரேன்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று பிள்ளைகள் ஜமாய்த்தார்கள். பந்து இந்த வரிசைக்கும் அந்த வரிசைக்கும் பிசகாமல் போய் வந்தது. நடுவில் நான் வாங்கி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாற்றல் கைக்கு வந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். இன்ஸ்பெக்டருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு பையனிடமிருந்து பந்தை வாங்கி, "பலே டீச்சர்! இந்தாங்க, இதையும் பிடிங்க" என்று வீசினார்.

கண் மூடிக்கொண்டது. நெற்றியில் டொப்பென்று விழுந்தது பந்து. கண்ணாடி தெறித்து மண்ணில் கிடந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நின்றேன்.

ரெட்டைச் சடைக்காரி ஓடிவந்து கண்ணாடியை எடுத்துப் பாவாடையில் துடைத்து என்னிடம் கொடுத்தாள். நல்லவேளை, உடையவில்லை. பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"எங்க டீச்சருக்கு அப்பிடிப் போடக்கூடாது சார். அவுக கண்ணை மூடிக்கிருவாக. கையை எங்க வச்சிருக்காகன்னு பாத்து, அதுக்குள்ள போடணும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும் சார். மொத நாளே தெரியும்."

முதல் நாள் நெற்றியில் அடி வாங்கிய பயல் பந்தை எடுத்துக்கொண்டான். "நாங்க போட்டுக் காட்டுறோம் சார். டீச்சர், கையை ஏந்துங்க."

ஏந்தினேன். இந்த முறை ஒளிவுமறைவில்லாமல் கண்ணை மூடிக்கொண்டேன். ஒவ்வொருவராகப் போட்டார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. நெற்றிப்பொட்டைக் குறி பார்க்கத் தெரிந்த பிள்ளைகள், அத்தனை நாளும் என் உள்ளங்கையைக் குறி பார்த்திருக்கிறார்கள். நான் பிடித்தேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது அவர்கள் கொடுத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிதாய் ஒரு சந்தோஷம்.

இன்ஸ்பெக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பிடிக்கிறதை விடுங்க, போடுறதுக்கு நல்லாக் கத்துக்குடுத்திருக்கீங்க. மதுரைப் பக்கம் மாற்றல் கேட்டீங்களாமே, சொல்லிரட்டுமா?"

தலைமையாசிரியர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். பிள்ளைகள் என் வாயையே பார்த்தார்கள்.

"வேணாம் சார்," என்றேன். "அங்க எனக்கு யாரு சார் இப்படிப் போடுவா?"