நாவலில் திறக்காத கதவு

இன்று மதியம் எழுமலை பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஓர் அக்கா. மடியில் குழந்தை தூங்குகிறது. போனில், ஒரு நாவலிலிருந்து எடுத்த படத்தின் கடைசிக் காட்சி ஓடுகிறது. முடிந்ததும் மறுபடியும் அதையே வைத்தார்.

தங்கச்சியோடு பேச்சை முறித்துக்கொண்ட அண்ணன் கதவைத் திறந்து, அவள் மகனை வாரித் தூக்கும் காட்சி.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "நாவல்ல இப்படி இல்லக்கா" என்றேன்.

அவர் போனை நிறுத்திவிட்டார்.

"நான் விரும்பிக் கட்டுனதுல இருந்து எங்கண்ணே பேசுறதில்ல தம்பி. இவனுக்குக் காது குத்தணும். தாய்மாமன் மடியில வச்சுத்தான குத்தணும்? இந்தப் படத்தப் பாத்துத்தான் துணிஞ்சு அழைக்கப் போறேன். புத்தகத்துல அண்ணன் என்ன செய்வாரு?"

நாவலில் தங்கச்சி கதவைத் தட்டுவாள். உள்ளே எரிந்துகொண்டிருந்த விளக்கு அணையும். அத்தோடு கதை முடிந்துவிடும்.

"அதுலயும் திறப்பாருக்கா. கொஞ்சம் லேட்டாகும், அம்புட்டுதான்."

"லேட்டானா நின்னுக்கிருவேன்" என்றார்.

எழுமலைக்கு முந்தின ஸ்டாப்பில் வெற்றிலை பாக்குப் பையோடு இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். இருட்டியும்விட்டது. அந்த அக்கா இன்னும் ஏதோ ஒரு வாசலில் குழந்தையோடு நின்றுகொண்டிருப்பதாகவே இருக்கிறது எனக்கு.

நாவல் படித்தவர்கள் கமெண்டில் வந்து என்னைத் திட்டலாம். நாவலின் பெயரையோ படத்தின் பெயரையோ மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர் கையில் போன் இருக்கிறது, தேடினால் இந்தப் பதிவு கிடைத்துவிடும்.