மரத்தில் கட்டிய வெல்லம்

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொல்லிமலைக்கு வண்டிப்பாதை கிடையாது. ஆடிப் பதினெட்டுக்கு மலைக்கோயிலில் பொங்கல் வைக்க எருமப்பட்டியிலிருந்து நடந்தேன். வழியில் ஜேடர்பாளையத்துக்காரர் ஒருவர் சேர்ந்துகொண்டார். முன்பின் தெரியாதவர். பாதி மலையில் இருட்டிவிட்டது. கரடிக்குப் பயந்து, இருவருடைய வெல்லத்தையும் பழத்தையும் ஒரே மூட்டையாக்கிப் பாறையோர மரத்தில் உயரக் கட்டினோம்.

முடிச்சுப் போட்டது அவர். ராத்திரியில் அவரே அவிழ்த்துக்கொண்டு போய்விட்டால் என்று எனக்கு உறுத்தியது. மூட்டையை விட்டுத் தள்ளிப் படுப்பதுதான் மலையேறுகிறவர்கள் வழக்கம். நான் மரத்தடியிலேயே படுத்தேன். அவரும் அங்கேயே துண்டை விரித்தார்.

“ஏனுங்க, இன்னும் தூங்கலீங்களா?” என்றார்.

“தூக்கம் வரலீங்க. நீங்க தூங்குங்க.”

அவரும் தூங்கவில்லை.

விடியும் நேரத்தில் என் தலையில் வெல்லத்தூள் உதிர்ந்தது. அவர் தோளிலும் உதிர்ந்தது.

“மூட்டையத் தொட்டீங்களா?” என்று இருவரும் ஒரே சமயத்தில் கேட்டோம்.

மேலே புஸ்ஸென்று மூச்சு இரைந்தது. பாறை வழியாக வந்த கரடி, கிளையில் உட்கார்ந்து மூட்டையைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. ராத்திரி முழுக்க நாங்கள் ஒருவரையொருவர் காவல் காத்தோமே தவிர, பாறைப் பக்கம் யாருமே திரும்பவில்லை.

ஓசைப்படாமல் நழுவினோம், பிறகு ஓடினோம். ஓடையைத் தாண்டி மூச்சு வாங்க நின்றபோதுதான் பார்த்தேன், எங்கள் கைகள் இறுகக் கோத்திருந்தன. யார் முதலில் பிடித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.