கார் சொன்ன சாட்சி

காரின் கோளாறைப் படித்துச் சொல்லும் கருவியை, கார் வைத்திருப்பவர்கள் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று ஆபீசில் யாராவது கேட்டால், வாங்குங்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். எனக்குப் பொறுமை குறைவு. ஏன் என்று கேட்பவர்களுக்கு மட்டும்தான் அக்காவின் கதையைச் சொல்வேன்.

நாற்பத்தாறு வயதில் நான் கார் ஓட்டக் கற்றதே அவளுக்காகத்தான். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. செவ்வாயும் சனியும் பனமரத்துப்பட்டிக்குப் போய் அவளை ஏற்றிக்கொண்டு, சேலத்தில் டயாலிசிஸ் முடித்து, திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். மற்ற நாட்களில் கார் சூரமங்கலத்தில் எங்கள் வீட்டு வாசலில் சும்மா நிற்கும்.

என் கணவர் நாமக்கல் லாரிக் குடும்பம். அவர்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை வண்டி கழுவாவிட்டால் பெரிய குற்றம். கழுவுவது என்றால் மேலோடு துடைப்பதில்லை. பானெட்டைத் திறந்து, பிரஷர் பம்பால் இஞ்சினின் சந்துபொந்தெல்லாம் தண்ணீர் பீய்ச்சி, பிறகு மஞ்சள், குங்குமம், சூடம், எலுமிச்சம்பழம். எங்கள் சின்னப் பெட்ரோல் காரையும் மனிதர் லாரியாகவே நினைத்துக் குளிப்பாட்டுவார். என்னை ஒரு நாளும் அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை என்று நான் சீண்டுவேன்.

ஒரு சனிக்கிழமை, அக்கா காருக்குள் இருக்கும்போது கார் நடுங்கியது. ஸ்டீயரிங்குக்கு முன்னால், இஞ்சினில் கோளாறு என்று காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் கணவர் லாரிக்காரர்களின் வைத்தியத்தைச் செய்தார்: பேட்டரி ஒயரைக் கழற்றி, சற்று நேரம் கழித்து மாட்டினார். விளக்கு அணைந்தது. மெக்கானிக் தன் மெஷினைப் போட்டுப் பார்த்தார், ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை நன்றாக ஓடியது. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் நடுக்கம், விளக்கு, ஒயர்.

“இஞ்சினைப் பிரிச்சுப் பார்த்தாத்தாங்க தெரியும்” என்றார் மெக்கானிக்.

அன்றே எரிச்சலில் ஆன்லைனில் அந்தக் கருவிக்குச் சொல்லிவிட்டேன். அது வருவதற்குள் மூன்றாவது சனிக்கிழமையும் வந்தது. நடுங்கும் காருக்குள் அக்கா மெல்லச் சொன்னாள்.

“பாத்தியா, நான் ஏறுனாத்தான் இது இப்படி ஆவுது. என் பாரத்த உன்னாலயும் தாங்க முடியல, வண்டியாலயும் முடியல. இனிமே வரல சாமி. போதும்.”

ஏதோ சலிப்பில் பேசுகிறாள் என்று அதட்டிவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை போய் நின்றபோது அவள் தலைகூட வாரவில்லை. வாடகைக் காரில் போகலாம் என்றேன். “அதையும் கெடுக்கவா?” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கத்தினேன், அழுதேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆஸ்பத்திரியில் போனில் சொன்னார்கள்: இன்னொரு முறை தள்ளிப்போனால் உயிருக்கே ஆபத்து.

புதன்கிழமை கருவி வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. முந்தைய சனிக்கிழமையே, “ஏனுங்க, இந்தத் தடவ அந்த ஒயரத் தொடாதீங்க” என்று கணவரிடம் கறாராகச் சொல்லியிருந்தேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகி, போனைத் திறந்தேன்.

மூன்றாவது சிலிண்டரில் தீ சரியாகப் பற்றவில்லை என்று வந்தது. அதற்குக் கீழே, கோளாறு தொடங்கிய நொடியில் வண்டி எப்படி இருந்தது என்ற கணக்கும் இருந்தது. வேகம்: பூஜ்யம். இஞ்சின் சூடு: இருபத்தொன்பது டிகிரி.

எனக்குப் புல்லரித்துவிட்டது. முதல் தடவை தப்பு நடந்ததும் அது விளக்கைப் போடாதாம். தனக்குள் குறித்து வைத்துக்கொண்டு, மறுபடி நடந்தால்தான் காட்டுமாம். கிளம்பும்போது வந்த சின்ன உதறலை நான் கவனிக்கவில்லை; அக்கா ஏறிய பிறகுதான் அது பெரிதாகி விளக்கும் எரிந்திருக்கிறது. ஒருவரும் கேட்காமல், ஒருவரிடமும் சொல்லாமல், அந்த இரும்பு அத்தனையையும் ஞாபகம் வைத்திருந்திருக்கிறது. நாங்கள்தான் வாரா வாரம் ஒயரைப் பிடுங்கி, அந்த ஞாபகத்தை அழித்து, அதன் வாயை அடைத்திருக்கிறோம். கருவி வாங்குகிறவர்களுக்கு இதனால்தான் ஒன்று சொல்வேன்: அதில் கோளாறுக் குறிப்பை அழிக்கும் பட்டனை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள்.

கணவர் மூன்றாவது சிலிண்டரின் பிளக்கின் மேல், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலை உருவினார். பிளக் உட்கார்ந்திருந்த குழிக்குள் துரு, ஓரத்தில் இன்னும் ஈரம். வெள்ளிக்கிழமைத் தண்ணீர். துணியை எடுத்தபடியே, “வண்டிய எடு புள்ள, உங்கக்கா ஊட்டுக்குப் போலாம்” என்றார். குழியைத் துடைத்துக் காயவைத்து, பொழுது சாய்வதற்குள் கிளம்பினோம்.

அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் உப்பியிருந்தது. போனை அவள் கண்ணுக்கு நேரே நீட்டினேன்.

“உன் வீடு வந்து சேர்றதுக்குள்ள இஞ்சின் கொதிக்கும்க்கா. இது பச்சத் தண்ணியாட்டம் இருக்கறப்பவே எழுதினது. எங்க வாசல்ல, நான் சாவியத் திருப்புன நிமிசம். நீ அப்ப வண்டியிலயே இல்ல.”

அவள் அந்த எண்ணையே பார்த்தாள். கணவர் கை கூப்பாத குறையாக நின்றார். “நாந்தாங்க கழுவிக் கழுவிக் கெடுத்தது. உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க.”

“நான் இல்லாதப்பவேவா?” என்று அக்கா கேட்டாள். ஆமாம் என்றேன். இன்னொரு முறை கேட்டாள். இன்னொரு முறை சொன்னேன். பிறகு என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

“சனிக்கிழம வரைக்கும் வேண்டாம் சாமி, இப்பவே கூட்டிட்டுப் போ. நேத்துல இருந்து படுத்தா மூச்சு முட்டுது. பயமா இருக்குது.”

சாவியைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, நான் அவளோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.