படிச்ச நரை

என் தலையில் முதல் நரையைக் கண்டுபிடித்தது நானில்லை, ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. நான் நோட்டுத் திருத்தக் குனிந்திருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவள், "டீச்சர், தலையில சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே விரலால் தட்டிவிட்டாள். விழவில்லை. மறுபடி தட்டினாள். பிறகு ஊதிப் பார்த்தாள். அதற்கும் போகவில்லை என்றதும் என் முகத்தைப் பார்த்தாள். விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. "போயிட்டு டீச்சர்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, நோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப்போனாள்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். அதற்குப் பிறகு இரண்டு வருடத்தை அந்த சாக்பீஸ் தூளை வைத்தே ஓட்டினேன். யாராவது என் நெற்றிக்கு மேலே உற்றுப் பார்த்தால் நானே தட்டிவிட்டுக்கொள்வேன். கணக்கு டீச்சருக்கு இந்த வசதி உண்டு. ஆனால் முப்பத்துமூன்று வயதில் அது வலது நெற்றிக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையாகப் படர்ந்துவிட்டது. அவ்வளவு தூளை எந்தக் கரும்பலகையும் கொட்டாது.

பேருந்திலும் காலம் மாறியது. சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து நான் கல்லூரிக்குப் போன அதே தடத்தில்தான் வேலைக்கும் போய்வந்தேன். அந்நாளில் நடத்துநர்களுக்கு நான் "ஏ பாப்பா". பிறகு "தங்கச்சி". ஒரு நாள் காலையில், "அம்மா, கொஞ்சம் உள்ள போங்க" என்று குரல் கேட்டது. பாவம், வயதான அம்மா யாரோ ஏறியிருக்கிறார்கள் போல என்று நான் ஒதுங்கி வழிவிட்டேன். பின்னால் யாருமே இல்லை.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் நரை கிடையாது. அம்மாவுக்கு ஐம்பத்துநான்கு வயது. குளித்துவிட்டுக் கூந்தலை அவிழ்த்துப் போட்டால் முதுகே தெரியாது, அத்தனையும் கருப்பு. அப்பாவைக் கணக்கில் சேர்க்க முடியாது, நரைக்க அவருக்கு மேலே எதுவும் இல்லை. மீசை மட்டும் அறுபது வயதில் வெளுத்திருந்தது. இருவரும் வயல் வேலை செய்பவர்கள். இருவர் வீட்டிலும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி ஒழுங்காகப் படித்து வெளியே வந்த முதல் ஆள் நான்தான். ஆகவே அம்மா தன் அறிவுக்கு எட்டியபடி ஒரு முடிவுக்கு வந்தாள். படித்ததால்தான் எனக்கு நரைத்துவிட்டது.

"ராத்திரி பகலா பொஸ்தகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா மூளையில சூடு ஏறாதா? சூடு மேலதான வரும். வந்து மயிரை வெளுத்துட்டு."

"அப்பிடியெல்லாம் இல்லம்மா. சிலருக்குச் சீக்கிரம் வரும்."

"யாருக்கு வந்திருக்கு நம்ம வீட்டுல? சொல்லு."

கணக்கு டீச்சரைக் கணக்காலேயே மடக்கிவிட்டாள்.

இது வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அம்மா பிசானப் பருவ நெல் நடவுக்குப் போகும் கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உண்டு. ஒருத்தி வரப்பில் நின்றுகொண்டு, "என்ன மதினி, உம்ம மக நமக்கு முன்னாடியே கிழவியாயிட்டா போல?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா நாற்றுக் கட்டைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாளாம். "அது வயசு நரை இல்லட்டி. படிச்ச நரை. ரெண்டு டிகிரிக்கும் ஒரு பி.எட்.டுக்கும் வந்தது. உங்க வீட்டுல யாருக்காவது இருந்தாக் காட்டுங்க, பாப்போம்."

அன்று சாயங்காலம் இதை எனக்கு நடித்தே காட்டினாள். முதலில் வெட்கமாக இருந்தது. மறுநாள் பேருந்துக் கண்ணாடியில் என் பட்டையைப் பார்த்தபோது, போலீஸ்காரர் தோளில் இருக்கும் நட்சத்திரம் மாதிரி இருந்தது. அதன்பின் இல்லாத சாக்பீஸ் தூளைத் தட்டுகிற பழக்கத்தையும் விட்டுவிட்டேன்.

அந்த நடவுக் கூட்டத்தில் அம்மா வயதுப் பெண்களுக்கு வேறொரு தொந்தரவு இருந்தது. முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீர், மேலே தூறல், ஆனாலும் திடீரென்று ஒருத்திக்கு முகமெல்லாம் வேர்த்துக் கொட்டும். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் "அடுப்பு பத்திட்டு." யாராவது அப்படிச் சொன்னால் பக்கத்தில் நிற்பவள் நாற்றுக் கட்டால் விசிறிவிட வேண்டும் என்பது கூட்டத்துச் சட்டம். மாதவிடாய் நிற்கிற வயதில் உடம்பில் நடக்கிற மாற்றம் அது என்று நான் அம்மாவுக்கு விசிறிக்கொண்டே விளக்கமாகச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள், "பேரு என்னவா வேணா இருக்கட்டும், நீ விசிறுறத நிறுத்தாத" என்றாள்.

எனக்கு முப்பத்துநான்கு ஆனபோது அந்த வரன் வந்தது. அம்பாசமுத்திரத்தில் கால்நடை ஆய்வாளர். தங்கைகளுக்கெல்லாம் கல்யாணம் முடித்துவிட்டு முப்பத்தெட்டில் நிற்பவர். அவர் இரண்டு தடவை என்னோடு ஃபோனில் பேசினார். சம்பளம், சமையல் எதையும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குப் பின்னம் ஏன் பிடிபடுவதில்லை என்று கேட்டார், நான் சொன்னதை முழுதும் கேட்டார். மாடு உதைக்கப்போகிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று நான் கேட்டேன். "உதைச்சதுக்கு அப்புறந்தான் தெரியும்" என்றார். எனக்குப் பிடித்துவிட்டது. அதுவரை வந்த வரன்களில் எது போனாலும் நான் வருந்தியதில்லை. இது போய்விடக்கூடாது என்று இருந்தது.

சிக்கல் புகைப்படத்தில் இருந்தது. தம்பி தன் புது ஃபோனில் எடுத்து அனுப்பியது அது. அந்த ஃபோன் யாரும் கேட்காமலே முகத்தை வெளுத்து, முடியைக் கருப்பாக்கிவிடும். மாப்பிள்ளை வீட்டார் பார்த்தது அந்தக் கருப்பு முடிப் பெண்ணை. ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று சொல்லி அனுப்பியதும் அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. வெள்ளிக்கிழமை ஒரு சாயப் பொட்டலத்தோடு வந்து நின்றாள்.

"படிச்ச நரைன்னு சொன்னியே?" என்றேன்.

"நடவுக்காரிகளுக்குச் சொல்லலாம். மாப்பிள்ளை வீட்டுக்கு எப்பிடிட்டி சொல்லுறது? ஏமாத்திட்டாவன்னு எந்திச்சுப் போயிருவாவ."

படித்தவள் நான்தானே, பொட்டலத்தில் எழுதியிருந்ததை வாசித்தேன். முதலில் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போட வேண்டும் என்று இருந்தது.

"மாப்பிள்ளை பாக்க வாற நேரத்துல காதுல கறை பட்டா என்ன செய்ய?" என்றாள் அம்மா. சுற்றிலும் பார்த்தாள். அவள் பார்வை அப்பாவின் மீசையில் போய் நின்றது.

அப்பா மறுத்திருக்கலாம். ஆனால் மனிதர் அதற்கு முன்பே கண்ணாடிப் பக்கம் நகர்ந்துவிட்டார். வெள்ளி ராத்திரி மீசை கருகருவென்று வந்தது. இருபது வயது குறைந்துவிட்டது என்று அவரே சொல்லிக்கொண்டார். சனிக்கிழமை விடிந்தபோது மேலுதடு வீங்கி, மீசை மூக்குக்குள் போய்விடும்போல நின்றது.

சாயக் கதை அதோடு முடிந்தது. "நாலு முழம் பிச்சிப்பூ வாங்கி முன்னால வழிய விட்டுக்கிடலாமா?" என்றாள் அம்மா.

"நான் என்ன சாமி சப்பரமா?"

ஞாயிற்றுக்கிழமை அவரும் அவர் அம்மாவும் மட்டும் வந்தார்கள். அப்பா வாயைத் துண்டால் மூடிக்கொண்டு, இருமல் என்று சைகை காட்டினார். நான் ஒரு முழம் பிச்சியோடு, எப்போதும்போல வகிடெடுத்துச் சீவிய தலையோடு காபி கொண்டுபோனேன். தட்டை நீட்டக் குனிந்தபோது என் பட்டை அந்த அம்மாவின் கண்ணுக்கு நேராக வந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளை பார்த்த அதே பார்வை. நல்லவேளை, ஊதிப் பார்க்கவில்லை. கையில் இருந்த ஃபோனில் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"போட்டோவுல இது இல்லையே, மதினி?"

வரப்பில் நின்று அத்தனை பேருக்கும் சவால் விட்ட அம்மா, சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள். எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோய், அவள் அப்படி நிற்பதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

"அத்தை, போட்டோவுல இருக்க கருப்பு தம்பி ஃபோன் போட்டது. எங்கப்பா மீசையில இருக்க கருப்பு எங்கம்மா போட்டது. இந்த வெள்ளை மட்டுந்தான் யாரும் போடாதது" என்றேன்.

அப்பா இனி மறைத்து என்ன என்று துண்டை எடுத்துவிட்டார். மாப்பிள்ளை சட்டென்று எழுந்து அப்பாவிடம் போனார். "மாமா, எப்பத்துல இருந்து வீக்கம்? மூச்சு கீச்சு முட்டுதா?" தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "மாட்டுக்குன்னா இந்நேரம் ஒரு ஊசி போட்டிருப்பேன். உங்களை டாக்டர்ட்டதான் காட்டணும்."

"எனக்கும் போழுங்க மாப்ழ. நானும் அந்த வகைதான்" என்றார் அப்பா, வீங்கிய உதட்டோடு.

முதலில் சிரித்தது அம்மா. பிறகு யார் சிரித்தார்கள், யார் நிறுத்தினார்கள் என்று சொல்ல முடியாது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவருக்கு முகம் சிவந்து, கழுத்தெல்லாம் வேர்வை ஓடியது. கோபம் என்றுதான் நான் நினைத்தேன். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. மூலையில் கிடந்த ஓலை விசிறியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அடுப்பு பத்திட்டா, மதினி?"

அந்த அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். "ஆமா மதினி. ரெண்டு வருசமா இந்தப் பாடுதான். யாருட்ட சொல்லுறது?"

"எங்க நடவுக் கூட்டத்துல அஞ்சு பேருக்கு இருக்கு. வாங்க, பின்னால வேம்புக்கடியில காத்து வரும். பைய வாங்க."

இருவரும் எழுந்து போனார்கள். நான் தம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தபோது சன்னல் வழியாகக் கேட்டது. விசிறுகிற சத்தத்துக்கு நடுவே அம்மாவின் குரல், நடவு வயலில் கேட்கிற முழுக் குரல். "அது வயசு நரை இல்ல மதினி. படிச்ச நரை. எங்க வம்சத்துலயே இவ ஒருத்திக்குத்தான் இருக்கு." வரன் நின்றாலும் போனாலும், அந்தக் குரல் திரும்பி வந்தது எனக்குப் போதும் என்று அப்போது தோன்றியது. முழுக்கப் போதும் என்று சொன்னால் பொய்.

"போய்ச் சொல்லுதோம்" என்று கிளம்பினார்கள். எல்லோரும் சொல்வதுதான். திங்கள் போனது. செவ்வாய் போனது. புதன்கிழமை மதிய இடைவேளையில் அவர் ஃபோனில் கூப்பிட்டார்.

"மாமாவுக்கு வீக்கம் வடிஞ்சிட்டா?"

"வடிஞ்சிட்டு."

"அம்மா உங்கட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாவ. இந்தப் படிச்ச நரை பொறக்குற பிள்ளைகளுக்கும் வருமா?"

"படிச்சா வரும்" என்றேன்.

கல்யாணத்தன்று தலை அலங்காரத்துக்கு வந்த பெண் தன் பையிலிருந்து சாயத்தை எடுத்ததும் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அது நடக்கவில்லை. ஆனால் புகைப்படக்காரர் முந்திக்கொண்டார். ஆல்பம் வந்தபோது, தாலி கட்டுவதிலிருந்து பந்தி வரைக்கும் எல்லாப் படத்திலும் என் தலை கருப்பு. நான் சிரித்துவிட்டு மூடினேன். அம்மா மறுநாள் அந்தக் கனத்த ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஜங்ஷனில் இருக்கும் புகைப்படக்காரரின் கடைக்குப் போனாள். விடுமுறை நாளாக இருந்ததால் நானும் கூடப் போக வேண்டியதாயிற்று.

"அண்ணாச்சி, எம் மக நரையை எங்க?"

அவர் பெருமையாகச் சிரித்தார். "அதைத் தெரியாத மாதிரி பண்ணியிருக்கேன்மா. எல்லாரும் கேப்பாவ."

"நான் கேட்டனா? சின்ன வயசுல இருந்து படிச்சு அவ வாங்குனது. அதை ஒரு நிமிசத்துல அழிச்சிட்டியளே. திருப்பி வைங்க."

நரையை அழிக்கத்தான் அதுவரை அந்தக் கடைக்கு ஆள் வந்திருக்கிறார்கள் போலும். வைக்கச் சொல்லி வந்தது நாங்கள்தான். அவர் என்னைப் பார்த்தார். நான் வைக்கச் சொல்லித் தலையாட்டினேன். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டதோ என்னவோ, கொஞ்சம் தாராளமாகவே வைத்திருக்கிறார். ஒரு படத்தில் என் தலையில் டியூப்லைட் எரிகிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அம்மா முதலில் எடுத்துக் காட்டுவது அந்தப் படத்தைத்தான்.

இப்போது எனக்கு முப்பத்தாறு. பட்டை மூன்று விரல் அகலமாகியிருக்கிறது. வாசிக்கக் கண்ணாடி வந்துவிட்டது, அதைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டே வகுப்பெல்லாம் தேடுகிறேன். போன மாதம் ஊருக்குப் போனபோது அம்மாவுக்குத் தலை சீவிவிட்டேன். காதுக்குப் பின்னால், அத்தனை கருப்புக்கும் நடுவில், ஒரே ஒரு வெள்ளை முடி. இழுத்து அவள் கண் முன்னால் காட்டினேன்.

அம்மா அதை விரலில் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "எனக்கு எதுக்குட்டி வருது? நான் என்னத்தப் படிச்சேன்?"

பிடுங்கிவிடவா என்று கேட்டேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"விடு, கெடக்கட்டும். ஒன்னையப் படிக்க வச்சம்லா."