ஆட்டுக்கொட்டிலில் அண்ணன் போட்ட புகை

என் அண்ணன் துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஓய்வுபெற்ற பின் மேற்பார்க்க ஆள் கிடைக்காததால், பாலையூற்றில் என் வீட்டுக்கு வந்து என் ஆடுகளை மேற்பார்க்கத் தொடங்கினார்.

என்னிடம் இருந்தவை இரண்டே ஆடுகள்: ஒரு கிழட்டுத் தாய், அது கடைசியாக ஈன்ற குட்டி. மாரி தொடங்கி நுளம்பு பெருகி ஆடுகளைக் கடிக்கத் தொடங்கியதும், அண்ணன் பின்னேரங்களில் கொட்டிலுக்குள் புகை போட்டார். தேங்காய்ப் பொச்சு சீக்கிரம் எரிந்து முடிகிறதாம். பழைய சைக்கிள் டயரை வெட்டி அதோடு சேர்த்தார். அந்தப் புத்திசாலித்தனத்தை அயலவர்களுக்கும் கூப்பிட்டுக் காட்டினார்.

புகை பட்டதும் குட்டி கழுத்தை நீட்டி இருமியது. மூச்சு விசிலடித்தது. தாய் பக்கத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணா, குட்டிக்கு மூச்சு விட ஏலாமக் கிடக்கு. நிப்பாட்டுங்கோ."

"தாயும் அதே புகைக்குள்ளதானே கிடக்கு? கிழடுக்கே ஒண்டும் செய்யேல்ல. குட்டி நடிக்குது, பிள்ளை."

ஆட்டுக்குட்டி நடிக்கிறது என்று படித்த மனிதர் ஒருவர் நம்பினார். அதைக் கேட்டு வாயை மூடிக்கொண்ட நானும் படித்தவள்தான். தாய் ஆட்டின் திடகாத்திரத்தில் எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

நாலாம் நாள் குட்டி விழுந்து கிடந்தது. நாக்கு நீலம் பாய்ந்திருந்தது. ஒரு வாளி தண்ணீரைப் புகைச்சட்டியில் கொட்டிவிட்டு, குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன். விளக்கம் சொல்லவென்று அண்ணனும் ஏறிக்கொண்டார்.

மிருக வைத்தியர் இளம்பெண். ஊசி போட்டுவிட்டு, அண்ணனின் விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

"குட்டியின்ர மூச்சுக்குழாய் சின்னன், ஐயா. புகை பட்டவுடனே இறுகிப் போகும். வயசு போகப் போக அந்தளவுக்கு இறுகாது. அதுக்காகப் புகை கிழட்டு ஆட்டுக்கு ஒத்துக்கொண்டது எண்டில்லை."

"உங்களுக்கு அனுபவம் காணாது, பிள்ளை," என்றார் அண்ணன். ஆடு வளர்ப்பில் அவருக்கு இருந்த அனுபவம் மூன்று வாரம்.

வைத்தியர் என் பக்கம் திரும்பினார். "தாயையும் ஒருக்காக் கொண்டு வாங்கோ."

மறுநாள் கொண்டுபோனேன். காதுக்குழாயைத் தாயின் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். "உள்ளுக்கு நல்லாப் பழுதாப் போச்சு. இருமேல்ல எண்டு பேசாம இருந்தனீங்களோ?" என்றார். 'ஓம்' என்று சொல்வதற்குக்கூட வெட்கமாக இருந்தது.

குட்டி பத்து நாளில் தேறித் துள்ளியது. தாய் தைப்பொங்கலைக் காணவில்லை.

"வயசு போனா அப்பிடித்தான்," என்றார் அண்ணன், முற்றத்தில் கதிரையில் சாய்ந்தபடி. "நான் அப்பவே நினைச்சனான்."

நான் அவருடைய பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தேன். அவருடைய மகள் இருப்பது நிலாவெளியில். அங்கே போகும் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொன்னேன்.