ஆளில்லாத வீடு என்று நான் எழுதிய மனு

ஓய்வு பெறும்வரை திருச்சுழியில் ஓர் அலுவலகத்தில் மனு வாங்கும் வேலை பார்த்தேன். வாங்கி, முத்திரை குத்தி, கட்டுக்கு அடியில் செருகிவிடுவதில் எனக்கு நல்ல கைப்பழக்கம். ஓய்வுக்குப் பிறகு அருப்புக்கோட்டை வீட்டில் சும்மா இருக்க முடியாமல் நானே மனு எழுதத் தொடங்கினேன்.

மழை பெய்து ஓய்ந்த சமயம், ஊரில் காய்ச்சல். ஆளில்லாமல் பாழடைந்து கிடக்கும் வீடுகளைப் பற்றித் தகவல் சொல்லலாம் என்று குப்பை வண்டியின் ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே போனது. என்னை மட்டும் கூப்பிட்டதுபோல் இருந்தது.

பக்கத்து வீட்டு வாசலில் சீமைக்கருவேலம் ஆளுயரம் நின்றது. கதவுப் பூட்டில் துரு. உடைந்த ஜன்னலில் அட்டை. செல்போனில் படம் பிடித்து, 'பல வருடங்களாக மனித நடமாட்டமே இல்லை. விஷ ஜந்துக்கள் மட்டுமே வசிக்கின்றன' என்று எழுதினேன்.

என் மனைவி படித்துவிட்டு, "விஷ ஜந்தப் பாத்தீகளா?" என்றாள்.

"அப்படி எழுதுனாத்தான் வருவாக" என்றேன்.

நாலாம் நாளே சுகாதார ஆய்வாளர், ஓர் இளம்பெண், வந்துவிட்டார். என் காலத்தில் இந்த வேகமெல்லாம் பழக்கமில்லை. என்னையும் கூப்பிட்டுக்கொண்டு, முள்ளை விலக்கிப் போய் ஜன்னலைத் தட்டினார்.

உள்ளேயிருந்து இருமல் கேட்டது. நான் இரண்டடி பின்வாங்கினேன். சற்று நேரத்தில் பக்கச் சந்து வழியாக, லுங்கியை இறுக்கிக்கொண்டு, தூக்கம் கலையாத முகத்தோடு ஒரு நடுவயதுக்காரர் வந்தார்.

"நீங்க யாரு?"

"குடியிருக்கேன் மேடம். ஒரு வருசமாச்சு. விசைத்தறியில நைட்டு ஷிப்டு, பகல்ல தூங்கிருவேன். முன்கதவுச் சாவிய வீட்டுக்காரரு தொலச்சிட்டாரு. பின்வாசல்லதான் போக்குவரத்து."

ஆய்வாளர் கையிலிருந்த மனுவையும் என்னையும் பார்த்தார். "நடமாட்டமே இல்லைன்னு எழுதியிருக்கீங்களே சார்?"

அந்த மனிதர்தான் எனக்காகப் பேசினார். "சார் மேல தப்பில்ல மேடம். அவுகளுக்கு என் முகம் தெரியாது. கொழாயில தண்ணி வந்தா, செவுத்துக்கு இங்கிட்டிருந்து நாந்தான் சத்தம் குடுப்பேன். அவுகளும் 'சரிப்பா'ம்பாக."

பின்தெருக்காரர் குரல் என்றே அதை நினைத்திருந்தேன். ஒரு வருடம் அவர் சொல்லித் தண்ணீர் பிடித்துக் குடித்திருக்கிறேன். அந்த மனுவை அவர் எட்டிப் பார்த்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

"வந்தது வந்தேன், உங்க வீட்டையும் பாத்துர்றேன்" என்றார் ஆய்வாளர். என் மொட்டைமாடி டிரம்மில் கொசுப்புழுக்கள் கும்மாளமிட்டன. தெருவிலேயே நோட்டீஸ் வாங்கியது என் வீடு ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் கருவேலத்தை வெட்ட, நான் கிளைகளை இழுத்துப் போட்டேன். பூட்டையும் உடைத்தோம். கை முழுக்க முள் கீறல்.

"மனுவுல என்ன சார் எழுதியிருந்தீக?" என்றார்.

"சுத்தம் பண்ணணும்னுதான்."

"நல்லதத்தான எழுதியிருக்கீக" என்றார்.

அத்தோடு மனு எழுதுவதை விட்டேன் என்று சொல்ல ஆசைதான். அடுத்த வாரமே, எரியாத தெருவிளக்குக்காக ஒன்று எழுதினேன். எழுதுமுன் கம்பத்தடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.